ஓடும் இல்லம்

எங்கள் மாருதி ஆம்னி வண்டிக்கு அகவை இருபதைக் கடந்துவிட்டது. 796 சி.சி. திறனுடைய சிறிய எஞ்சின். அதுவும் முன்னிருக்கைக்கு அடியிலேயே அமைந்தது. பின்னிருக்கையை மடித்து, பலகையும் மெத்தையும் விரித்துப் படுக்கையாக்கினார் தந்தை. ஓர் அடுப்பும் தண்ணீர்க் குடமும் உடன்வரும். விடுமுறைகளில் அதுவே எங்கள் இல்லம்.

புறப்படுமுன் ரேடியேட்டர் நீரையும் எஞ்சின் எண்ணெயையும் தந்தை தவறாது பார்ப்பார். ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பார்ப்பார். மழைக்காலம் முடிந்ததும் அடித்தகட்டின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவார்.

அவர் மறைந்தபின் வண்டி என்னிடம் வந்தது. அதன்மீது எனக்கு அன்பு இருந்தது, கவனம் இல்லை.

ஒருமுறை முதிய அன்னையுடன் கொல்லிமலைக்குச் சென்றேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுள் பாதியைக் கடக்குமுன் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. இருக்கையின் அடியிலிருந்து ஆவி எழுந்தது. நாட்பட்ட ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்தது. உச்சி வெயிலில் சாலையோரம் அமர்ந்த அன்னை, “இதைத்தான் உன் அப்பா தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்” என்றார். அக்குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிழை வண்டியினுடையது அன்று, என்னுடையது.

ஆம்னியின் உற்பத்தி 2019ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுமாறு பலரும் கூறுகின்றனர். ஒருநாள் அவ்வாறே நேரலாம். அதுவரை ஞாயிறுதோறும் அக்குழாய்களை அழுத்திப் பார்க்கிறேன். பொருள் நம் கைக்கு வருவதனால் மட்டும் நமதாகிவிடுவதில்லை. நாள்தோறும் பேணுவதனாலேயே நமதாகிறது.