கல்வேலித் தீவில் ஒரு கதியால் வேலி

நெடுந்தீவுக்குச் செல்வோர் மட்டக்குதிரைகளையும் பாழடைந்த கோட்டையையும் பெருக்க மரத்தையும் கண்டு திரும்புவது வழக்கம். கடந்த ஆவணியில் நாம் அங்கு சென்றது ஆட்டுக்குட்டி வாங்குவதற்காக. எமது வீட்டில் நின்ற கிடாய் இறந்துபோயிற்று. அதற்குக் காரணமும் நாமே. விசேடமொன்றில் மிஞ்சிய சோற்றை வீணாக்குவானேன் என்று ஒரு கடகம் நிறைய அதன் முன்னே வைத்துவிட்டோம். மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள் முடிந்துவிட்டது.

குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகக் காற்றில் படகு ஆடிய ஆட்டத்தை வருணிக்க வேண்டியதில்லை, போய்வந்தவர்கள் அறிவார்கள்.

தீவில் பெரும்பாலும் முருகைக்கல் வேலிகளே. சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை, பார்க்க அழகானவை. வெளிகளிலே புல்லும் இல்லாமலில்லை. ஆனால், விடியற்காலை தொட்டு மேய்ந்த ஆடுகளின் முதுகெலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. தை, மாசியில் துளிர்க்கும் இளம்புல் வேறு, ஆவணியில் மஞ்சளித்து நிற்கும் சருகுப்புல் வேறு. சருகில் நூற்றுக்கு 7 பங்குப் புரதம் இருப்பதே அரிது. ஆட்டின் முதல் இரைப்பையிலே வாழும் நுண்ணுயிர்கள்தாம் புல்லைச் செரிக்கச் செய்கின்றன. அவற்றுக்குப் புரதம் கிட்டாவிடின் தின்ற சருகு வயிற்றிலேயே தங்கிவிடும். ஆடு வயிறு நிறைந்தும் மெலியும்.

நாம் தேடிச் சென்ற பெரியவரின் வளவை அடைந்ததும் வியப்படைந்தோம். கல்வேலியின் உட்புறத்தே, வீட்டைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று சீமைக்கிளுவைக் கதியால்கள்!

"தங்கச்சியைக் கட்டிக்குடுத்த ஊரிலையிருந்து கொண்டுவந்தனான், தம்பி. வள்ளத்திலை ஏத்தேக்கை எல்லாரும் சிரிச்சவை, கல்வேலி இருக்கிற ஊருக்கு ஆரும் கதியால் கொண்டுபோவினமோ எண்டு."

சிரிப்புக்கு அஞ்சாமல் அவர் அதைச் செய்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு கோடையில் அவருடைய ஆறு மறிகள் ஈன்றன. பிழைத்தவை இரண்டே குட்டிகள். தாய்களிடம் பால் இல்லை. இளைய மகளின் படிப்புச் செலவுக்கென்று அவர் நம்பியிருந்தது அந்தக் குட்டிகளைத்தான். அவள் ஒரு வருடம் வீட்டிலிருக்க நேர்ந்தது. இதைச் சொல்லும்போது அவர் எம்மைப் பார்க்கவில்லை.

ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். வயிற்றுக்குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஆறு வாரத்தில். சித்திரையில் சினைப்பட்ட மறிக்கு அந்த ஆறு வாரம் சருகுக் காலத்திலேயே வந்து விழுகிறது. அவர் இப்போது காலையில் குழை வெட்டி, நிழலில் வாடவிட்டு, பொழுதுபடத் திரும்பும் சினை மறிகளுக்கு ஆளுக்கொரு கிலோ அளவில் கொட்டிலிலே கட்டித் தொங்கவிடுகிறார். காலையிலேயே கொடுத்தால் ஆடு மேய்ச்சலுக்குச் சோம்பும் என்பது அவர் கணக்கு. சீமைக்கிளுவையை உலர்த்திப் பார்த்தால் அதில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உண்டு. முதலில் அதன் மணத்துக்கு ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டனவாம்; வாடவிட்ட பின்னரே வாய் வைத்தன. பூக்க விட்டால் கோடையில் இலை கொட்டிவிடும் என்பதால் மாசி தொட்டே முறை வைத்து வெட்டுகிறார்.

இறைச்சிக்கு விற்கவுள்ள கிடாய்களுக்கு மட்டும் குழையோடு தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் உண்டு. அதுவும் முதல் நாள் ஒரு பிடி. பிறகு இரண்டு வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டுவது. உப்பு வைப்பதில்லையா என்று கேட்டோம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொன்னார்.

எமது சோற்றுக் கதையையும் மறைக்காமல் சொன்னோம். திடீரென்று சோறோ தானியமோ நிறையத் தின்றால் இரைப்பையிலே புளிப்பு மிகுந்து, அதுவே நஞ்சாகிவிடும் என்பதை நாம் பின்னரே மிருக வைத்தியரிடம் அறிந்தோம். பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "உங்கடை வீட்டு வேலி என்ன வேலி?" என்றார்.

கதியால்களைப் பிடுங்கிச் சீமெந்து மதில் கட்டி இரண்டு வருடமாகிறது என்றோம். அதைச் சற்றுப் பெருமையோடுதான் சொன்னோம் என்று நினைக்கிறோம்.

"அப்ப குழைக்கு எங்கை போவியள்?"

எம்மிடம் விடை இல்லை. நாம் தெரிந்து வைத்திருந்த இரு குட்டிகளையும் அவர் அவிழ்த்துத் தாயிடம் விட்டார்.

"இப்ப கதியால் நட்டால் காஞ்சுபோகும். ஐப்பசி மழைக்கு வாருங்கோ, நல்ல தடியாய்ப் பாத்து வெட்டித் தாறன். அது தழைச்சாப் பிறகு குட்டியைக் கொண்டுபோங்கோ."

மாலைப் படகில் வெறுங்கையோடு திரும்பினோம்.