பன்னீர்ப் பானைக்கு ஒரு பிடி மா

பன்னீர் காய்ச்சப் போகிறேன் என்றதும் மாமி கேட்ட முதற் கேள்வி, “அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பாங்க புள்ள?” என்பதுதான். மூடிய பானை, அதிலிருந்து ஒரு குழாய், நுனியில் ஒரு போத்தல் என்றால் எங்கள் வீரமுனை, சம்மாந்துறைப் பக்கத்தில் எவருக்கும் கசிப்புத்தான் ஞாபகம் வரும்.

ஆனால் இது முஸ்லிம்கள் பேணி வளர்த்த கலை. வாசனைத் திரவியங்களை வடித்தெடுக்கும் முறைகளை 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி நூலாக எழுதியிருக்கிறார். வடிக்கும் பாத்திரத்துக்கு அரபியில் வழங்கிய ‘அல்-அன்பீக்’ என்ற பெயரே ஐரோப்பாவில் ‘அலெம்பிக்’ ஆனது. புனித கஃபாவைக் கழுவும் ஸம்ஸம் நீரிலும் பன்னீர் கலக்கிறார்கள். விலக்கப்பட்டது போதைதானே தவிர, ஆவியைக் குளிரவைப்பது அல்லவே! இதைக் கேட்ட பிறகு மாமியே பூ ஆயத் தொடங்கிவிட்டார்.

பானையும் செம்புக் குழாயும் கிடைப்பது கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் மூடிக்கும் பானை வாய்க்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய இடைவெளியில்தான். ரோசாவின் மணம் முதலில் எழும் ஆவியோடுதான் அதிகம் வரும். இடைவெளி இருந்தால் வீடெல்லாம் மணக்கும். போத்தலில் வெறுந் தண்ணீர் விழும்.

தம்பி டயர் டியூப்பை வளையமாக வெட்டித் தருவதாகச் சொன்னான். சூடேறிய டியூப்பின் நாற்றத்தை எந்தப் பூவும் வெல்லாது. இயந்திரங்களுக்குச் சுற்றும் அஸ்பெஸ்டஸ் கயிறு நெருப்புக்கும் அசையாது என்றார் இன்னொருவர். அசையாதுதான், ஆனால் அதன் நார்த்தூசி நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். வட்டிலப்பத்திலும் பலூடாவிலும் ஊற்றப்போகிற பன்னீருக்கு இவையெல்லாம் எதற்கு?

புரியாணிக்குத் தம் போடும்போது செய்வதைத்தான் செய்தேன். கோதுமை மாவை இடியப்ப மாவிலும் சற்று இறுக்கமாகப் பிசைந்து, விரல் தடிப்பில் திரித்து, வாயைச் சுற்றி அழுத்தி மூடியை வைத்தேன். குழாய் பொருந்தும் இடத்தில், பிட்டுப் பானைக்குச் சுற்றுவதுபோலத் துணிக் கீலத்தில் மாவைத் தடவிச் சுற்றினேன். முதலில் மெல்லிய நெருப்பு. எடுத்தவுடன் பெருநெருப்பு வைத்தால் மா வெடிக்கும். எங்காவது சீறினால் கரண்டியின் பின்புறத்தால் ஈரமாவை அப்பலாம். விரலைக் கொண்டு போகாதீர்கள். நீராவிச் சூடு கண்ணுக்குத் தெரியாது.

இந்தியாவில் கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்கள் இன்றும் செம்பு அண்டாவின் வாயைக் களிமண்ணும் பஞ்சும் கொண்டுதான் பூசுகிறார்கள். பழைய அரபு இரசாயனிகள் இப்படிப் பூசும் கலவையைத் ‘தீனுல் ஹிக்மா’ என்றார்கள். மார்க்கத்தைக் குறிக்கும் ‘தீன்’ அல்ல இது. ஞானக் களிமண் என்று பொருள்.

மாவில் இன்னொரு ரஹ்மத்தும் உண்டு. அமுக்கம் கூடினால் பானை வெடிக்குமுன் மா விட்டுக்கொடுக்கும். எங்கள் உறவுக்காரர் வீட்டில் பிரஷர் குக்கரின் துவாரத்தில் பருப்பு அடைத்து, மூடி கூரைவரை போனது. அந்தப் பிள்ளையின் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. பன்னீர்ப் பானையில் அமுக்கமே இருக்கக் கூடாது. ஆகவே பானையை முக்கால்வாசி நிரப்பாதீர்கள். இதழ் எழும்பிக் குழாயை அடைக்கும். குழாயின் நடுப்பகுதிதான் குளிர்நீர் வாளிக்குள் இருக்க வேண்டும்; மறுமுனை எப்போதும் திறந்திருக்கட்டும். போத்தல் வாயைத் துணியாலும் அடைக்க வேண்டாம். வடிந்த நீருக்குள் முனை மூழ்கவும் கூடாது. அடுப்பை அணைத்ததும் பானை அதைத் திரும்ப உறிஞ்சிவிடும்.

கடைப் பூவுக்கு மருந்தடித்திருப்பார்கள். முற்றத்துப் பூவே நல்லது. பானைத் தண்ணீரில் மூன்றிலொரு பங்கு வடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு வருவதில் வேகிய இதழ் வாடைதான்.

ஆறியபின் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் மா தானே கழன்று வரும். ஊறவைத்துப் போட்டால் கோழிகள் மிச்சம் வைப்பதில்லை.