கேளாத வாயிற்காப்போன்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று சிலர் உத்தியோகம் பார்ப்பது சென்னையிலோ கோவையிலோ உள்ள நிறுவனத்திற்கு. அமர்ந்திருப்பதோ கரோல்பாகிலோ மயூர் விஹாரிலோ ஒரு சிற்றறையில். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு இவ்வழக்கத்தைப் பெரிதும் பரப்பிற்று. இதற்குத் துணை நிற்பது விபிஎன் என்னும் தனிவழி. பொது இணையத்தினூடே, பிறர் படிக்கவொண்ணாதபடி செய்திகளை மறைத்து அலுவலகத்திற்குக் கொண்டு சேர்க்கும் சுரங்கப்பாதை அது. அதன் வாயிலில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். கேளாமலே திருப்பி அனுப்பினால் யாது செய்வது?

நம் இல்லத்தில் அது நேர்ந்தது. சிகிச்சைக்காகத் தில்லி வந்த தமக்கையாரும் அவர் மகளும் நம்முடன் தங்கியுள்ளனர். அம்மாதச் சம்பளப் பட்டியலை அன்று மாலைக்குள் அவள் அனுப்பியாக வேண்டும். வேலையில் தடை ஏற்படின் சென்னைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது மேலதிகாரி விதித்த நிபந்தனை. திரும்பினால் அன்னையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார் யார்? நமக்கோ ரயில்வே எழுத்தர் பணி. நினைத்த போது விடுப்புக் கிடையாது.

“மாமா, இது என்னை ஒன்றுமே கேட்கவில்லையே!” என்றாள். இணைப்பை அழுத்துவாள், வட்டம் சுழலும், ‘இயலவில்லை’ என்று நிற்கும். பெயர் கேட்கும் கட்டம் தோன்றவேயில்லை.

“சர்க்கார்தான் விபிஎன்னைத் தடை செய்துவிட்டதே!” என்றார் அண்டை வீட்டு அன்பர். அது தவறான செய்தி. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, விபிஎன் விற்போர் தம் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கக் கூறியது. நிறுவனங்கள் தம் ஊழியருக்கென நடத்தும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது.

உண்மைக் காரணத்தை அவள் அலுவலகத்துக் கணினிப் பொறுப்பாளர் தொலைபேசியில் விளக்கினார். முந்தைய வாரம் விதிப்படி கடவுச்சொல் மாறியிருந்தது. விண்டோஸ் பழையதையே நினைவில் வைத்திருந்தது. காலாவதியான சீசன் டிக்கெட்டை நமக்காக வேறொருவர் நீட்டித் திருப்பி அனுப்பப்படுகிறார். பின்னால் நிற்கும் நாமோ, பரிசோதகர் நம்மைக் கேட்கவில்லையே என்று வியக்கிறோம். அது போன்றதுதான் இது. மீண்டும் மீண்டும் அழுத்துவதும் ஆபத்து. ஒவ்வொரு முறையும் பழைய சொல்லே போவதால், பல அலுவலகங்களில் கணக்கே பூட்டப்பட்டுவிடும்.

பரிகாரம் எளிது. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, விபிஎன் பட்டியலில் உரிய இணைப்பைத் தெரிந்து, மேம்பட்ட விருப்பங்களில் ‘கிளியர் சைன்-இன் இன்ஃபோ’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினாள், மறுமுறை கட்டம் தோன்றியது. பட்டியல் ஐந்தேகால் மணிக்குச் சென்றது. தமக்கையார் அதன் பின்னரே காப்பி அருந்தினார்.

எல்லா விபிஎன்னும் இவ்வாறல்ல. 2001-இல் ஜேம்ஸ் யோனான் வெளியிட்ட ஓப்பன்விபிஎன்னில், அமைப்புக் கோப்பில் ‘ஆத்-யூசர்-பாஸ்’ என்ற வரி வேண்டும். அது இல்லையேல் பெயர் கேட்காது. அவ்வரியின் பின் ஒரு கோப்பின் பெயர் இருந்தால், நம்மை விடுத்து அக்கோப்பையே படிக்கும். இன்னொரு வகை விசித்திரமானது. விஸ்டா காலந்தொட்டு விண்டோஸில், திரைமறைவில் ஓடும் சேவைகள் நம் திரையில் நேரே கட்டம் காட்டவியலாது. அவ்வாறு ஓடும் விபிஎன் கேட்க முயன்றாலும் அக்கேள்வி நம் கண்ணுக்கு எட்டாது. அதற்கென உள்ள முகப்புச் செயலியைத் திறந்து இணைத்தல் வேண்டும். இவ்விரண்டிலும் நாமே கை வைப்பதைவிட அலுவலகப் பொறுப்பாளரை அழைப்பது நலம். அவரிடமும் கடவுச்சொல்லை மட்டும் சொல்ல வேண்டுவதில்லை.

மருமகள் இப்போது ‘நினைவில் வை’ என்னும் கட்டத்தைக் குறியிடுவதில்லை. நாள்தோறும் காலையில் அவளே தட்டச்சு செய்கிறாள்.