செம்மண் மேட்டில் ஒரு வெலிங்டன்

பழைய போட்டோவில் பெரிய விமானம் ஒன்று இருந்தால் நான் முதலில் தேடுவது வாலைத்தான். மூக்கை ஆட்கள் வரிசையாக நின்று மறைத்திருப்பார்கள். இறக்கை பாதிக்கு மேல் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். வால் மட்டும் எல்லார் தலைக்கும் மேலே தெரியும். நீள்வட்டமாக இரண்டு வால்கள், தோள்மட்டத்தில் இறக்கை, நான்கு எஞ்சின் என்றால் அது லிபரேட்டர். மூன்று வால்கள் என்றால் கான்ஸ்டலேஷன். நடு உடம்பு குட்டையாக நின்றுபோய், இறக்கையிலிருந்து இரண்டு நீளத் தண்டுகள் பின்னால் ஓடினால் பாக்கெட். உருண்டு முடிகிற ஒற்றை வால், தரையை ஒட்டி அதற்கொரு சின்னச் சக்கரம் என்றால் பெரும்பாலும் டகோட்டா. ‘பெரும்பாலும்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியப்பா வைத்துவிட்டுப் போன படத்தில் வாலே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் படம், ஓரம் ரம்பப்பல் மாதிரி வெட்டியது. நாலு பேர் நிற்கிறார்கள். நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா, இரண்டு பக்கமும் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரப் பையன்கள். பையன்கள்தான், மீசை கூடச் சரியாக முளைக்காத முகங்கள். பின்னால் இடுப்புக்கு மேல் உயர்ந்த ஒரு சக்கரம், மூன்று அலகுள்ள விசிறியில் இரண்டு அலகு, கொஞ்சம் உடம்பு. அவ்வளவுதான். தஞ்சாவூர் ஏரோட்ரோமில் மெஸ்ஸுக்குத் தண்ணீர் தூக்கிய காலத்தில் எடுத்தது என்பார். கேட்பவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் அது ஜப்பான்காரன் பிளேன் ஆகிவிடும், அதைச் சுட்டு இறக்கியதில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடும்.

ஜப்பான் என்ற சொல்லுக்கு அப்போது டெல்டாவில் கனம் அதிகம். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்ததும் மலேயாவிலிருந்து மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அதே வாரத்தில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தப்பவில்லை. மதராஸ் பட்டணமே காலியாகி, ஜனங்கள் சொந்த ஊர்களுக்குப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். கோடியக்கரையிலிருந்து வடக்கே நீளும் கடற்கரையில் எங்கே வேண்டுமானாலும் எதிரி இறங்கலாம் என்று பயம்.

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லத்தான் தஞ்சாவூருக்கு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்குவாட்ரன் சிங்கப்பூரில் இருந்த படை. இரட்டை இறக்கை வைத்த பழைய வில்டிபீஸ்ட் விமானங்களை ஓட்டிக்கொண்டு, 1942 ஜனவரி 26-ல் மலேயாவின் எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போய்ப் பாதியை இழந்தது. மிச்சம் ஜாவாவில் மார்ச் மாதம் முடிந்துபோனது. பேர் மட்டும் மீந்த அந்த ஸ்குவாட்ரனை அதே ஆண்டு அக்டோபர் 22-ல் தஞ்சாவூரில் மறுபடி உருவாக்கினார்கள். வெலிங்டன்களைக் கொடுத்து, கிழக்குக் கரையோரம் நீர்மூழ்கி தேடும் வேலையையும் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கப்பலேறிப் போய்ச் சிக்கிக்கொண்ட மலேயாவில் அழிந்த படை, அவர்கள் விட்டுப்போன மாவட்டத்தில் வந்து உயிர்த்தது. இதைப் பெரியப்பா அறியமாட்டார். அறிந்திருந்தால் சுட்டு இறக்கிய கதைக்குத் தேவை இருந்திருக்காது.

டெல்டா என்றதும் எல்லாருக்கும் சேறும் வரப்பும்தான் நினைவு வரும். விமானம் சேற்றில் இறங்காது. ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டை சாலைப் பக்கம், வல்லத்தை ஒட்டி நிலம் மேடேறி இறுகிய செம்மண்ணாகிவிடுகிறது. கல்லணைக் கால்வாய் 1934-க்குப் பிறகு எட்டிப்பார்க்கும் வரை அங்கே பெரும்பகுதி மானாவாரிதான். ஓடுபாதை போட அதைவிடத் தோதான தரை காவிரிப் படுகையில் கிடைக்காது. பெரியப்பா படத்திலும் பின்புலத்தில் தென்னை இல்லை. இரண்டு பனை, அப்புறம் வெறும் வானம்.

பூதக்கண்ணாடியை அந்தக் கொஞ்சம் உடம்பின் மேல் கொண்டுபோனால் விஷயம் அங்கேயே இருக்கிறது. தோல் வழவழப்பாக இல்லை. சாய்சதுரம் சாய்சதுரமாக மெல்லிய வரிகள் மேலெழும்பித் தெரிகின்றன. வெலிங்டனுக்கு உலோகத்தகடு போர்த்தவில்லை. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர், அலுமினியக் கலவைப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாக, மூங்கில் கூடை முடைகிற மாதிரி பின்னி உடம்பைச் செய்தார். அதன் மேல் துணியை இழுத்துக் கட்டி மருந்து பூசினார்கள். ஒரு பக்கம் குண்டு துளைத்தாலும் பாரம் மற்றப் பின்னல்களுக்குப் பகிர்ந்துபோகும். துணிக்கு அடியில் பின்னல் இப்படிப் புடைத்துத் தெரிவது வேறு பெரிய விமானங்களில் அபூர்வம். வால் இல்லாவிட்டால் போகட்டும்.

இன்னொன்று வட்டச்சின்னம். படத்தின் ஓரத்தில் அதில் கால்வாசி விழுந்திருக்கிறது. வெளிவளையம் கருமை, நடுப்பகுதி வெளிறல். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கவேண்டும். ஜப்பானிய விமானத்தில் முழுச் சிவப்புச் சூரியன். கண் இமைக்கும் நேரத்தில் சுடவேண்டிய பீரங்கிக்காரனுக்குச் சிவப்பு என்றாலே எதிரிதான். அதனால் 1942-க்குப் பிறகு இந்தப் பிராந்தியத்தில் சிவப்பைப் படிப்படியாக அழித்து நீலமும் வெளிர்நீலமுமாக்கினார்கள். ஜப்பான் பிளேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்றே பூச்சு மாற்றிய விமானத்தின் முன்னால் நின்றுகொண்டுதான் எங்கள் பெரியப்பா அதை ஜப்பான் பிளேன் ஆக்கினார்.

நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை. கோடாக் வெரிக்ரோம் போன்ற அக்காலச் சுருள்கள் சிவப்பை உணராது. சிவப்பு கருப்பாக விழும், வெளிர்நீலம் வெளுத்துப்போகும். கருப்பு வெள்ளைப் படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்து வண்ணம் ஏற்றிக்கொண்டு வருபவர்களிடம் நான் மூலப்படத்தைத்தான் கேட்பேன். அந்த வண்ணம் அலங்காரம், சாட்சியம் அல்ல.

டகோட்டாவுக்கு வருகிறேன். ஐம்பதுகளின் படம், விமானப் படியில் ஒரு தலைவர், கீழே மாலையோடு உள்ளூர்ப் பிரமுகர்கள். வீட்டுக்கு வீடு அதை டகோட்டா என்றே சொல்லிவைத்திருப்பார்கள். படியை எண்ணுங்கள். டகோட்டா வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கி நிற்கும். கதவு பின்னால், தரைக்குப் பக்கத்தில். நாலைந்து படி போதும். உடம்பு சாயாமல் மட்டமாக நின்று, மூக்குக்கு அடியிலும் சக்கரம் இருந்து, படியும் உயரமாக இருந்தால் அது இல்யூஷின்-14 ஆக இருக்கலாம். 1955-ல் சோவியத் நாடு நேருவுக்கு அதில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது, ‘மேகதூத்’ என்று பெயர். அறுபதுகளில் என்றால் ஆவ்ரோவையும் நினைக்கவேண்டும். கான்பூரில் கட்டிய முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1-ல் பறந்தது. அதன் எஞ்சின் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அசோகச் சக்கரமே வட்டச்சின்னமாக இருந்தால் 1948-க்கும் 1950-க்கும் இடையில் எடுத்தது. மூவர்ண வட்டம் அதற்குப் பிறகு.

மன்னார்குடிப் பக்கத்து ரிட்டயர்டு விமானப்படைக்காரர் ஒருவர் வீட்டில் லிபரேட்டர் படம் பார்த்தேன். இரட்டை வால் பளிச்சென்று, உடம்பில் ‘ஹெச்.இ.’ என்று தொடங்கும் எண். நம்முடைய லிபரேட்டர் கதை ஒரு தனி வம்சம். போர் முடிந்து கான்பூரில் விட்டுச்சென்றபோது, இனி பறக்கக்கூடாது என்று பிரிட்டிஷார் அவற்றைச் சிதைத்துவிட்டுத்தான் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேற்றினார்கள். 1948-ல் 5-வது ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. 1968 வரை அவை நம் கடல்மேல் பறந்தன. 1974-ல் அவற்றில் ஒன்றை பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நாமே கொடுத்தோம். உடைத்துப் போட்டவர்களின் அருங்காட்சியகத்தில் இன்று நிற்பது நாம் ஒட்டவைத்த விமானம். பெரியவர் இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கவே இல்லை.

வெலிங்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதினோராயிரத்துக்கு மேல் கட்டினார்கள். முழுசாக மிஞ்சியவை இரண்டு, இரண்டும் இங்கிலாந்தில். ஒன்று 1985-ல் லாக் நெஸ் ஏரியின் அடியிலிருந்து எடுத்தது. 36-வது ஸ்குவாட்ரன் 1943 நடுவில் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டது. தஞ்சாவூர் தளம் பிறகு பல காலம் சும்மா கிடந்து, 1990-ல் இந்திய விமானப்படையிடம் வந்தது. 2020 ஜனவரி 20 முதல் அங்கே சுகோய்-30 ஸ்குவாட்ரன். வெலிங்டனின் இறக்கை அகலம் 26 மீட்டர், சுகோயினுடையது 15 மீட்டர்கூட இல்லை. ஆனால் ஆளும் குண்டும் பெட்ரோலும் ஏற்றிய வெலிங்டனைவிட வெறும் சுகோய் கனம். பெரிய விமானம் என்பதைக் கண்ணளவில் சொல்லக்கூடாது.

இப்போது படம் அனுப்புகிறவர்கள் செல்போனில் எடுத்து, தாத்தா முகத்தை மட்டும் பெரிதாக்கி, மற்றதை வெட்டிவிடுகிறார்கள். ஏற்கெனவே சட்டம் போட்டவர் ஒருமுறை வெட்டியிருப்பார், ஆல்பத்தில் ஒட்டியவர் ஒருமுறை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால் ஓரம் வரை முழுசாக ஸ்கேன் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை, தேதி, கடை பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். நிற்பவர்களின் பெயரை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.