லூயிஸ் - ஹாரிஸ்: ஒரு கார், இரண்டு கூடாரம், நான்கு இரவு... வடக்குத் தீவுக்கு ஒரு கேம்பிங் ப்ளான்!

மொபைலில் ஸ்காட்லாந்து வரைபடத்தைத் திறந்து, இடது பக்க மேல் மூலைக்கு விரலை நகர்த்துங்கள். நிலம் முடிந்து கடல் தொடங்கும். அந்தக் கடலுக்கும் அப்பால் நீளவாக்கில் ஒரு தீவுக்கூட்டம் தெரியும். அதுதான் அவுட்டர் ஹெப்ரிடீஸ். அதன் உச்சியில் இருக்கும் பெரிய தீவு லூயிஸ் - ஹாரிஸ். அங்கிருந்து மேற்கே சில குட்டித் தீவுகளைத் தாண்டிவிட்டால், கனடா வரைக்கும் கடல்தான்.

எடின்பரோவில் வேலை பார்க்கும் அக்காவைப் பார்க்க அப்பா, அம்மாவோடு ஜூன் மாதம் கிளம்புகிறேன். அப்படியே ஒரு வாடகை காரில் இந்தத் தீவுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவு. மூன்று மாதமாக வீடியோ காலில் இதே பேச்சுதான். நாங்கள் சேகரித்த விவரங்கள், இப்படி ஒரு பயணத்தை யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

தீவு ஒன்று, பெயர் இரண்டு

லூயிஸ், ஹாரிஸ் என்று பெயர் இரண்டாக இருந்தாலும் தீவு ஒன்றுதான். வடக்குப் பக்கம் சமவெளியும் சதுப்புமாக இருப்பது லூயிஸ். தெற்கே மலையும் வெள்ளை மணல் கடற்கரையுமாக இருப்பது ஹாரிஸ். இரண்டுக்கும் நடுவே கடல் கிடையாது, மலைதான் எல்லை. ஆனாலும் 1975 வரை இரண்டும் வெவ்வேறு மாவட்டங்களில் இருந்தன!

பரப்பளவு சுமார் 2,180 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 21,000-தான். டவுன் என்று சொல்ல ஸ்டோர்னவே மட்டுமே உண்டு. ஆங்கிலத்தோடு கேலிக் மொழியும் இங்கே பேசப்படுகிறது. ஊர்ப் பலகைகளில் கேலிக் பெயரைப் பார்த்தால் வழி தவறிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். வரைபடத்தில் இரண்டு பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படகு, அப்புறம்தான் மற்றதெல்லாம்

பொதுவாக நாம் விமான டிக்கெட், ஹோட்டல் என்று தொடங்குவோம். இங்கே காரை ஏற்றிச் செல்லும் படகில் இடம் கிடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எடின்பரோவிலிருந்து இன்வெர்னஸ் சுமார் 250 கிலோமீட்டர். அங்கிருந்து அல்லபூல் துறைமுகம் இன்னும் 90 கிலோமீட்டர். அல்லபூலிலிருந்து ஸ்டோர்னவேக்குப் படகில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம்.

இன்னொரு வழி, ஸ்கை தீவின் யூயிக் துறைமுகத்திலிருந்து ஹாரிஸின் டார்பெர்ட்டுக்குப் போவது. இதில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு எச்சரிக்கை: லூயிஸ் தீவிலேயும் யூயிக் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜி.பி.எஸ்ஸில் வெறுமனே யூயிக் என்று போடாதீர்கள்.

இந்தப் படகு அந்த ஊர் மக்களுக்கு பஸ் மாதிரி. பெரிய ஆஸ்பத்திரிக்கும், கல்யாணத்துக்கும், துக்கத்துக்கும் அவர்கள் இதில் போகிறார்கள். கோடையில் சுற்றுலா வாகனங்கள் இடத்தை நிரப்பிவிட, உள்ளூர்க்காரர்களுக்கு கார் இடம் கிடைப்பதில்லை என்பது அங்கே பெரிய மனக்குறை. அதனால் தேவைக்கு மேல் புக் செய்யாதீர்கள். பயணம் மாறினால் உடனே ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் அந்த ஒரு இடத்துக்காக யாரோ ஒருவர் காத்திருக்கலாம்.

காற்று பலமாக அடித்தால் படகே ரத்தாகும். திரும்பும் நாளுக்கும் சென்னை விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். எங்கள் ப்ளானில் அப்பா முதலில் சிவப்பு மையில் எழுதியது இதைத்தான்.

எப்போது போகலாம்?

மே, ஜூன் மாதங்கள் வசதி. ஜூன் பிற்பாதியில் 18 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக்கூட டார்ச் இல்லாமல் கூடாரம் போடலாம். தூங்கும்போது கண்ணை மறைக்க ஒரு துணி அவசியம்.

வெயில் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜூலையில்கூடப் பகல் வெப்பம் 16 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் மட்டும் போதாது. மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும்.

மரங்கள் மிகக் குறைவு என்பதால் அட்லான்டிக் காற்று நேராக வந்து மோதும். உயரமான, வீடு மாதிரியான கூடாரம் இங்கே சரிப்படாது. தாழ்வாக, உறுதியான கம்பிகளோடு இருப்பதே நல்லது. மணலில் பிடித்து நிற்கும் நீளமான முளைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்று இல்லாவிட்டால் வேறொரு தொல்லை. மிட்ஜ் என்ற பூச்சி நம்மூர்க் கொசுவைவிடப் பலமடங்கு சிறியது, ஆனால் கூட்டமாக வந்து கடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை அதன் ராஜ்ஜியம். மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. ஆகவே பள்ளமான, காற்றில்லாத மூலையைத் தேடாமல், லேசாகக் காற்று வீசும் இடமாகப் பார்த்துக் கூடாரம் போடுங்கள். தலையை மூடும் மெல்லிய வலையும் கையில் இருக்கட்டும்.

எங்கே கூடாரம் போடலாம்?

இந்தப் பயணத்தின் மையமே இதுதான். ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் கூடாரம் போட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. வாடகை கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. சுற்றுலாப் பயணிக்கும் அதே உரிமைதான்.

இந்த உரிமை மோட்டார் வாகனம் இல்லாமல் வருபவருக்கு மட்டுமே. கார், கேம்பர் வேன் போன்ற வாகனங்களுக்குப் பொருந்தாது. வேனில் தூங்குபவர்கள் அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் நிறுத்த வேண்டும். எங்களை மாதிரி காரில் வருபவர்கள் முறையான இடத்தில் காரை நிறுத்திவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

அடுத்து, நடத்தை விதிகள். சிறிய குழுவாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது. வீடுகள், பயிர் நிலம், கால்நடை மேயும் வேலி நிலம் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம்மூரில் சொல்வதைத்தான் அவர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்!

அம்மா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி பாத்ரூமுக்கு எங்கே போறது?" சிரித்தோம், ஆனால் ப்ளானையே மாற்றியது அந்தக் கேள்விதான். திறந்த வெளியில் தங்கினால், நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மூட்டு வலியோடு அம்மாவால் அது முடியாது. ஆகவே நான்கு இரவில் மூன்று இரவு கழிப்பறை, வெந்நீர் உள்ள கேம்ப் சைட். ஒரே ஒரு இரவு மட்டும் திறந்த வெளி. பெரியவர்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

ஹாரிஸின் மேற்குக் கரையில் மஹர் என்ற புல்வெளி இருக்கிறது. கிளிஞ்சல் மணலைக் காற்று அள்ளிவந்து கொட்டி உருவான நிலம். கோடையில் முழுக்கப் பூவாக இருக்கும். பார்த்தால் காரை அப்படியே இறக்கத் தோன்றும். ஆனால், ஒரு சக்கரம் ஏறினாலே புல் பெயர்ந்து, அடியிலிருக்கும் மணலைக் காற்று கொண்டுபோய்விடும். கால்நடை வளர்க்கும் குடும்பங்களுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம்.

நெருப்பு மூட்டுவதும் வேண்டாம். லூயிஸின் மண்ணில் பெரும்பகுதி பீட் என்ற மட்கிய கரி மண். அதைத்தான் வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். அதாவது தரையே எரியும்! சின்ன கேஸ் ஸ்டவ் போதும். கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது. இன்வெர்னஸில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒற்றைத்தடச் சாலை

சுற்றுலாவாக வருபவர் இந்திய ஓட்டுநர் உரிமத்திலேயே 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். நம்மைப் போலவே இடதுபக்கம்தான். வாடகை நிறுவனத்திடம் வயது வரம்பையும், காரைத் தீவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பல சாலைகளில் ஒரு வண்டி போகும் அகலம்தான் இருக்கும். ஆங்காங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது இடதுபுறம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலதுபுறம் இருந்தால், அதற்கு நேராக நம் தடத்திலேயே நின்று எதிரே வருபவரை அதில் ஒதுங்கவிடுங்கள். பின்னால் உள்ளூர் வண்டி வந்தால் வழிவிடுங்கள், அவர் வேலைக்குப் போகிறவராக இருப்பார். அந்த இடத்தில் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது. செம்மறி ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும், ஹார்ன் அடித்தாலும் அவசரப்படாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு

கிறிஸ்தவ மரபில் ஊறிய தீவு இது. ஞாயிறு தேவாலயத்துக்கும் ஓய்வுக்குமான நாள். ஸ்டோர்னவேக்கு ஞாயிறு படகு ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான். ஸ்டோர்னவே டெஸ்கோ கடை ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகத் திறந்தது 2024 நவம்பரில். இரண்டுமே ஊரில் பெரிய விவாதமாயின. இன்றும் பல கடைகள், உணவகங்கள் மூடித்தான் இருக்கும். சனிக்கிழமையே டேங்க்கை நிரப்பி, பால், ரொட்டி, காய்கறி வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் பாட்டு போடுவதைத் தவிர்த்து, நடக்கப் போங்கள்.

எங்கள் ஐந்து நாள் ப்ளான்

வியாழன்: அல்லபூலிலிருந்து மாலைப் படகு. ஸ்டோர்னவே அருகே கேம்ப் சைட்.

வெள்ளி: தீவின் வடமுனையில் 1862-ல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம். வரும் வழியில் ஆர்னலில் பழைய கருவீடு: கல் சுவர், புல் கூரை, நடுவே பீட் அடுப்பு, ஒரே கூரையின்கீழ் மனிதரும் மாடும் வாழ்ந்த வீடு. மாலையில் கேலனிஷ் கற்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நட்டவை. இரவு மேற்குக் கரை கேம்ப் சைட்.

சனி: ஸ்டோர்னவே அருங்காட்சியகத்தில் லூயிஸ் சதுரங்கக் காய்கள். 1831-ல் லூயிஸின் யூயிக் பகுதியில் கிடைத்தவை. பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆறு மட்டும் பிறந்த மண்ணுக்குக் கடனாக வந்திருக்கின்றன. பிறகு மளிகை, பெட்ரோல், ஹாரிஸ் நோக்கிப் பயணம். கழிப்பறை உள்ள இடத்தில் தங்கல்.

ஞாயிறு: லஸ்கன்டைர் கடற்கரையில் நடை. இரவு திறந்த வெளியில் கூடாரம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் பக்கத்து கேம்ப் சைட்டில் இன்னொரு இரவு!

திங்கள்: டார்பெர்ட்டிலிருந்து படகில் ஸ்கை தீவு, அங்கிருந்து எடின்பரோ.

ஸ்டோர்னவேயும் சென்னையும்

விவரம் தேடியபோது எங்களை நிமிர்ந்து உட்காரவைத்த பெயர், காலின் மெக்கன்ஸி. 1754-ல் ஸ்டோர்னவேயில் பிறந்தவர். 1783-ல் மதராஸ் வந்து, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். கம்பெனி அதிகாரிதான். ஆனால் காவலி வெங்கட போரையா, அவரின் சகோதரர்கள் போன்ற நம் பக்கத்து அறிஞர்களின் துணையோடு ஊர் ஊராகக் கல்வெட்டுகளையும் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டினார். அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவர் 1821-ல் இறந்தார், பிறந்த தீவுக்குத் திரும்பவே இல்லை.

செலவு அங்கேயே இருக்கட்டும்

1923-ல் ஸ்டோர்னவே பகுதி நிலத்தை லார்ட் லீவர்ஹியூம் மக்களுக்கே கொடுத்தார். வடக்கு ஹாரிஸ் 2003-லும், மேற்கு ஹாரிஸ் 2010-லும் ஊர் அறக்கட்டளைகளின் கைக்கு வந்தன. அதாவது நாம் கூடாரம் போடும் நிலத்துக்குப் பெரும்பாலும் ஊர் மக்களே சொந்தக்காரர்கள். சில இடங்களில் வசூலிக்க ஆள் இருக்காது, ஒரு பெட்டி மட்டும் இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் பணத்தைப் போட்டுவிடுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கி டிக்கியை நிரப்பாமல், தீவின் சின்னக் கடைகளுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நினைவுப் பொருள் வேண்டுமென்றால் ஹாரிஸ் ட்வீட் துணி இருக்கிறது. இந்தத் தீவுக்கூட்டத்தில் சாயமேற்றி நூற்ற கம்பளி நூலை, அங்குள்ளவர்கள் தங்கள் வீட்டுத் தறியில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் போட முடியும் என்று 1993-ல் சட்டமே இருக்கிறது. நெய்தவரிடமே வாங்கலாம்.

பேக்கிங் லிஸ்டில் கடைசியாக ஒன்று: இரண்டு பெரிய குப்பைப் பைகள். ஒன்று நம்முடையதற்கு. இன்னொன்று, நமக்கு முன்னால் வந்தவர்கள் விட்டுப்போனதற்கு.