ஓடைக் கல்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "கடைக்கால் ரொம்பக் கெட்டி, ஸார்!" கொட்டாம்பட்டியில் 2011-ஆம் வருஷம் கட்டிய வீடு அது. அந்தக் கெட்டி எங்கிருந்து வந்தது என்ற விஷயத்தில் சில காலமாக என் மனம் சரியாக இல்லை. அதைச் சொல்லித் தீர்த்துக் கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். ஆனால், அதற்கு நேயர்களை முதலில் ஜப்பான் தேசத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. மன்னிக்க வேண்டும். இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு நேர் வழியில் வீடு போய்ச் சேரத் தெரியாது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளைப் பற்றி எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. தவளையைப் பற்றி எத்தனை நேரந்தான் பேசுவது? ஆகவே, பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து கத்தரித்து வைத்திருந்த ஒரு படத்தை எடுத்து உயர்த்திக் காட்டினேன். ஜப்பான் நாட்டு மலையாறுகளில் வசிக்கும் ராட்சத சாலமாண்டரின் படம்.

ஐந்தடி நீளம் வரை வளரக்கூடிய ஜந்து அது. தட்டையான பெரிய தலை. அதில் மிளகை ஒட்ட வைத்தாற்போல் இரண்டு கண்கள். தலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் வாய். கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி விழுந்த தோல், உடம்பின் இரு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நான்கு குட்டைக் கால்கள், துடுப்பைப் போல் ஒரு வால்.

"உடும்புய்யா!" என்றான் ஒருவன். "முதலைக் குட்டி!" என்றான் இன்னொருவன். கடைசி பெஞ்சிலிருந்து, "ஐயா, பாறையில வாய் வரைஞ்சு வச்சிருக்காங்க" என்று ஒரு குரல் வந்தது. மூன்றில் அதுதான் உண்மைக்கு மிக நெருங்கிய பதில் என்று சொல்லி, அந்தப் பையனை உட்காரச் சொன்னேன்.

இந்தப் பிராணியைக் கண்டு ஏமாந்தவர்கள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அல்ல. ஸ்விட்ஸர்லாந்தில் ஷாய்க்ஸர் என்று ஒரு பண்டிதர் இருந்தார். பாறையில் பதிந்து கிடந்த ஓர் எலும்புக் கூடு அவர் கைக்குக் கிடைத்தது. பைபிளில் வரும் பிரளயத்தில் மூழ்கிச் செத்த பாவி மனிதனின் எலும்பே இது என்று தீர்மானித்து, 1726-ஆம் வருஷம் அவர் ஒரு புஸ்தகமே வெளியிட்டு விட்டார். ஏறக்குறைய எண்பத்தைந்து வருஷம் கழித்து, குவியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அந்தக் கல்லை மேலும் சிறிது செதுக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து ராட்சத சாலமாண்டரின் முன்னங்கால்கள் வெளிப்பட்டன! அந்தக் குலம் அவ்வளவு புராதனமானது. இன்றைக்கு ஜப்பானிலும் சீனாவிலும் அதே வம்சம் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மலைகளில் இரண்டடி நீளமுள்ள தாயாதி ஒன்று வசிக்கிறது. அங்குள்ள ஜனங்கள் அதற்கு 'சளி நீர்நாய்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் அழகாயில்லாவிட்டாலும் பிராணியை அவர்கள் கைவிடவில்லை. 2019-ல் பென்ஸில்வேனியா மாகாணம் அதைத் தன் சின்னங்களில் ஒன்றாகவே ஆக்கிக் கொண்டது.

பிள்ளைகளுக்கு நான் முக்கியமாக விளக்க விரும்பியது அது மூச்சு விடும் விதத்தைத்தான். நுரையீரல் இருந்தும் இந்தப் பிராணி பெரும்பாலும் தோலினாலேயே சுவாசிக்கிறது. ஜலத்தில் கலந்திருக்கும் பிராணவாயுவைத் தோல் மடிப்புகள் உறிஞ்சிக் கொள்கின்றன. குளிர்ந்த ஜலம், கல்லில் மோதி நுரைத்து ஓடும் ஜலம்தான் அதற்கு ஆகும். தேங்கிச் சூடேறினால் ஆகாது. சேறு கலங்கி வந்தாலும் ஆகாது. பகலெல்லாம் பெரிய கல்லுக்கு அடியில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். முட்டையிடுவதும் கல்லுக்கு அடியிலோ, கரையில் உள்ள பொந்திலோதான். தாய் முட்டையிட்டு விட்டுப் போய்விடும். தகப்பன்தான் வாசலில் தலையை வைத்துக்கொண்டு காவல் இருக்கும். இதைச் சொன்னபோது பெண் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு திருப்தியான சிரிப்பு உண்டாயிற்று.

"நம்ம ஊர்ல இருக்கா, ஐயா?"

இல்லை. இந்தியாவில் சாலமாண்டர் கிழக்கு இமயமலைப் பக்கத்தில்தான் உண்டு. டார்ஜிலிங் பிரதேசத்துக் குட்டைகளில் இருக்கிறது; அதுவும் ஒரு சாண் நீளந்தான். இந்தச் சமாசாரத்தைச் சொல்லி முடித்தேன். அப்போது மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அதிகம் வாய் திறக்காத பெண்.

"ஐயா, அது குடியிருக்கிறது அந்தக் கல்லுக்கு அடியிலதானே? அந்தக் கல்ல யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டா?"

மணி அடித்துவிட்டது. வாத்தியார்களுக்குத் தெய்வம் துணை செய்யும் விதங்களில் இதுவும் ஒன்று.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு வெளியே ஓர் ஓடை உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது அதில் பந்து பந்தாகக் கற்கள் கிடக்கும். சில கற்கள் ஆட்டுக்குட்டி அளவு, சில கற்கள் படுத்த மாட்டின் அளவு. மழைக் காலத்து வெள்ளம் அவற்றின் இடையே புகுந்து சுழித்துக் கசம் கசமாகக் குழி பறித்திருக்கும். தை மாதம் வரையில் அந்தக் கசங்களில் தண்ணீர் நிற்கும். கல்லைப் புரட்டினால் நண்டு ஓடும், அயிரை மின்னும். ராத்திரியில் தவளைச் சத்தம் தெருவரையில் கேட்கும். பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று நான் அதன்மேல் பழி சொன்னதுண்டு.

வீடு கட்ட ஆரம்பித்தபோது கையில் பணம் மட்டாக இருந்தது. குவாரிக் கல் வாங்கினால் கட்டுப்படி ஆகாது என்று கொத்தனார் சொன்னார். ஓடையில் சும்மாதானே கிடக்கிறது என்று அவரே வழியும் சொன்னார். எட்டு நடை டிராக்டர். ஏற்றி முடித்த அன்று, ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு கிழவர் என் அருகில் வந்து நின்றார்.

"ஏன் வாத்தியாரய்யா, கல்லையெல்லாம் அள்ளிட்டா, தண்ணி எதுல முட்டி நிக்கும்?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். பட்டம் பெற்றவன் அல்லவா! பூகோளத்தில் இல்லாத சந்தேகம் ஆட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மழைகளில் ஓடை வெள்ளம் ஒரே ஓட்டமாக ஓடிப் போயிற்று. இரண்டே நாளில் மணலும் காய்ந்தது. கசங்கள் தூர்ந்து விட்டன. பழி முழுவதும் என்னுடையது என்று சொல்ல மாட்டேன். எனக்கு முன்னும் பின்னும் மணலும் கல்லும் அள்ளினவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எட்டு நடை என்னுடையது. தவளைச் சத்தம் எந்த வருஷத்தோடு நின்றது என்பது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தம் கேட்பதைக் கவனிக்கிறோம். அது நின்று போவதைக் கவனிப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் மேலூர்த் தாலுகாவில் உள்ள அரிட்டாபட்டியை, மீனாட்சிபுரத்தோடு சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகச் சர்க்கார் அறிவித்தது. ஏழு மலைகள், 72 ஏரி, குளங்கள், 200 இயற்கை ஊற்றுகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கி நாயக்கர்பட்டிப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப் போகிறது என்ற செய்தி வந்தது. ஏற்கனவே எங்கள் பக்கத்துக் குன்றுகள் சதுரம் சதுரமாக அறுபட்டு லாரி ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2025 ஜனவரி 7-ஆம் தேதி கிராமம் கிராமமாக ஜனங்கள் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. மலை மேல் உள்ள கல் என்பது வெறும் கல் அல்ல, ஊற்றின் வீடு என்று அன்றைக்கு வழியெல்லாம் பக்கத்தில் வந்தவர்களுக்கு நான் உபந்நியாசம் செய்து கொண்டே போனேன். அப்போது கூட என் வீட்டுக் கடைக்கால் எனக்கு நினைவு வரவில்லை. அந்தச் சிறுமி கேட்க வேண்டியிருந்தது.

அவளுக்கு நான் பதில் பாக்கி வைத்திருந்தேன். நம் பக்கத்தில் அந்த மாதிரி ஓடைக் கல்லை நம்பிப் பிழைக்கும் ஜந்து ஏதாவது உண்டா என்று தேடிப் படித்தேன். ஒன்று இருக்கிறது. அதுவும் நமக்கு அருகிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில்!

பன்றியின் மூக்கைப் போன்ற கூர் மூக்குடன், உப்பிய பலூன் மாதிரி ஒரு தவளை. வருஷத்தில் சில நாட்கள் தவிர மற்ற நாளெல்லாம் மண்ணுக்கு அடியில் கறையான் தின்று கொண்டு வசிக்கும். கேரளப் பக்கத்தில் உள்ள இதன் சகோதரத்தை 2003-ல் விஞ்ஞானிகள் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர் இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் உள்ள ஸெஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். நம் நிலப்பரப்பும் அந்தத் தீவுகளும் ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம். மலைக்குக் கிழக்கே, நம் பக்கத்தில் உள்ளது வேறு இனம் என்று 2017-ல் தெரிய வந்தது. கோயமுத்தூரில் உள்ள ஸாலிம் அலி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பூபதி என்ற அறிஞர், 2014-ல் அகஸ்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குப் போனவிடத்தில் நேர்ந்த விபத்தினால் காலமானார். அவர் பெயரையே இந்தத் தவளைக்கு வைத்திருக்கிறார்கள். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவ மழையில் வெளியே வரும். நம்முடையது வடகிழக்குப் பருவ மழைக்குக் காத்திருக்கும். நம் சம்சாரிகளைப் போலவே.

இதன் தலைப்பிரட்டையின் கதைதான் என்னை உட்கார வைத்து விட்டது. குளத்துத் தலைப்பிரட்டை மாதிரி அது நீந்தித் திரிவதில்லை. பாய்ந்து விழும் அருவி நீரில், வாயையே உறிஞ்சு குழலாக்கிப் பாறையைக் கவ்விக் கொள்ளும். பாறையில் படர்ந்த பாசிதான் ஆகாரம். ஏறக்குறைய நான்கு மாதம் இப்படி ஒட்டிக் கொண்டிருந்து, கால் முளைத்ததும் மண்ணுக்குள் போய்விடும். ஓடை நான்கு மாதம் ஓட வேண்டும். கவ்விக் கொள்ளக் கல் இருக்க வேண்டும். அந்தக் குலம் யுகயுகமாகக் கேட்டு வந்தது இவ்வளவுதான்.

மார்கழி விடுமுறையில் மதுரை, திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அனுமதி பெற்றுச் செண்பகத்தோப்புக்குப் போனேன். 2021 முதல் அந்த மலையெல்லாம் புலிகள் காப்பகம். கூட வந்த வனக் காவலர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தவளை கண்ணில் படவில்லை. படும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஓடையைப் பார்த்தேன். கண்ணாடி போன்ற ஜலம் கல்லுக்குக் கல் தாவி வெண்மையாக நுரைத்துக் கொண்டு போயிற்று. நாற்பது வருஷத்துக்கு முந்திய எங்கள் ஊர் ஓடையின் முகஜாடை அதில் இருந்தது. என்னை அறியாமல் குனிந்து ஒரு கல்லில் கை வைத்தேன். சின்ன வயதுப் பழக்கம்!

"கல்லப் புரட்டாதீங்க, சார்" என்றார் காவலர். குரலில் கோபம் இல்லை. "உள்ளே ஆள் இருக்கும்."

அமெரிக்காவிலும் இதையேதான் படாத பாடுபட்டுச் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் ஆற்றுக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிப் படம் எடுத்துக் கொள்கிறார்களாம். அடுக்கின ஒவ்வொரு கல்லும் யாருடைய வீட்டுக் கூரையோ! கல் போன இடங்களில் சிமெண்டினால் பெட்டி செய்து ஆற்றுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். சாலமாண்டர்கள் அதிலும் குடியேறி முட்டையிடுகின்றன. ஜப்பானில் 1952 முதல் அந்தப் பிராணிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆயினும் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய சிறு அணைகளை அதனால் ஏறிக் கடக்க முடியவில்லை. ஆகவே சில இடங்களில் அதற்கென்று படிக்கட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிராணியைக் கொல்லாதே என்று சட்டம் போடுவது சுலபம். அதன் வீட்டைப் பெயர்க்காதே என்று சொல்லும்போதுதான் நம் வீடுகள் எல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன.

பள்ளி திறந்ததும் வகுப்பில் அந்தச் சிறுமியை எழுப்பி, அவளுடைய கேள்விக்குப் பதில் சொன்னேன். எட்டு நடை டிராக்டரையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கடைசி பெஞ்சுப் பையன், "அப்ப வீட்ட இடிச்சிருவீங்களா, ஐயா?" என்று கேட்டான்.

வீட்டை இடிக்க முடியாது. ஆனால் கொல்லையில், கட்டடத்துக்குப் போக மிஞ்சிய கற்கள் ஒரு குவியலாகப் பதினான்கு வருஷமாகக் கிடந்தன. மாசி மாதம், ஓடை வறண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அரை நடை டிராக்டர் பிடித்து அவற்றைத் திரும்பக் கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூட வந்தார்கள். பழைய கசம் இருந்த இடம் எனக்கே சரியாக அடையாளம் தெரியவில்லை. ஆட்டுக்காரக் கிழவரைக் கேட்கலாம் என்றால், அவர் காலமாகி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உத்தேசமாக ஒரு வளைவில் இறக்கிப் போட்டோம். ஐப்பசி மழை வரட்டும், பார்ப்போம்.

ஒரு கல்லை மட்டும் என் மனைவி கொடுக்கவில்லை. துணி துவைக்கிற கல்லாம். நானும் வற்புறுத்தவில்லை.