நாலு கடதாசியில் ஒரு கேள்வி

போக்கர் ஆட்டத்தில் தேர்ந்தவர்கள், வலிந்து பந்தயம் கட்டுபவனையே மெச்சுவார்கள். காரணம் எளியது. பணத்தை முன்னே தள்ளுபவனுக்கு வெல்ல இரண்டு வழிகள்: அவனுடைய சீட்டு உயர்ந்ததாக இருக்கலாம், அல்லது எதிரி அஞ்சி விலகலாம். அவன் போட்டதற்கு ஈடாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்கோ முதல் வழி மட்டுமே மிஞ்சுகிறது.

வன்னியில் நாங்கள் அறிந்தது போக்கர் அன்று, முன்னூற்றி நாலு. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்த நாள்களில், குப்பி விளக்கைச் சுற்றி நால்வராக அமர்ந்து அதைத்தான் ஆடினோம். காசு வைத்து ஆடியதில்லை. வைப்பதற்குக் காசும் இருந்ததில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 கடதாசிகள், இரண்டு சோடிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76; நான்கு இனங்களும் சேர்ந்தால் 304. முதல் நான்கு கடதாசிகள் கைக்கு வந்ததுமே கேள்வி தொடங்கிவிடும். மிகுதி நான்கு என்னவென்று தெரியாமலே 160 அல்லது அதற்கு மேல் கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார்.

இங்கே துணிவுக்குப் பயன் உண்டு. ஒரே இனத்து ஜாக்கும் ஒன்பதும், வேறோர் இனத்து ஜாக்கும் வந்தால் கையிலேயே 80. உடனே 180 கேட்டுவிட்டால், எதிராளி தன் துரும்பை வைப்பதற்கு 190க்கு ஏற வேண்டும், பலர் ஏறமாட்டார்கள். போக்கரில் எதிரியை விலக வைப்பதற்கு நிகரானது இது. ஆனால் ஆட்டம் அத்துடன் முடிவதில்லை. கேட்ட தொகையை எட்டுப் பிடிகளுக்குள் எடுத்துக் காட்டியே ஆகவேண்டும். 180 கேட்டவரை வீழ்த்த எதிர்ச்சோடிக்கு 125 போதும்.

எங்கள் வழக்கில், 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு காய், தோற்றால் இரண்டு. ஆகவே மூன்றில் இரண்டு முறை வெல்ல முடியாத கேள்வி, நட்டத்துக்கே கேட்ட கேள்வி. 200 கேட்டால் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு மூன்று. அதற்கு ஐந்தில் மூன்று போதும். கணக்கு துணிந்தவனுக்குச் சற்று இரங்குகிறது, கடதாசிதான் இரங்குவதில்லை.

மல்லாவியில் இருவகைத் துணிவையும் கண்டேன். எல்லாம் போய்விட்டது, இனிப் போக என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் சிலர். அவர்களின் காய்கள் விரைவில் தீர்ந்தன. என் சோடியாக இருந்த முதியவரும் வீடிழந்து வந்தவர்தான். ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் விரலை மடித்து எண்ணுவார். எண்ணியபின் தயங்கமாட்டார். “தம்பி, நீ கேக்கேக்க என்ர கையையும் நம்பித்தான் கேக்கிறாய். அதை மறந்திடாதை” என்பார்.

அவர் சொன்னது வெறும் ஆட்ட நுணுக்கம் அன்று. போக்கரில் தோற்பவன் தன் பணத்தைத்தான் இழக்கிறான். முன்னூற்றி நாலில் ஒருவன் மிகையாகக் கேட்டால், கேள்வியில் வாய் திறவாத சோடியும் சேர்ந்தே காயை எண்ணிக் கொடுக்க வேண்டும். பிறருடைய காய்களையும் வைத்துத் துணிபவர்களை நம் மண்ணில் நிறையவே பார்த்துவிட்டோம். விரல் மடித்து எண்ணியவர்கள்தாம் குறைவு.